பெங்களூரின் விளக்கும் துமரியின் தீவும்: ஷராவதிப் பின்னீர்ப் பகுதியில் தொலைவு உருவான வரலாறு

கர்நாடகத்தின் சிவமொக்கா மாவட்டம், சாகர் தாலுகாவில் அம்பாரகோட்லுவையும் களசவள்ளியையும் இணைக்கும் பாலத்தை 2025 ஜூலை 14 அன்று ஒன்றிய அமைச்சர் நிதின் கட்கரி திறந்துவைத்தார். நீளம் ஏறத்தாழ 2.44 கிலோமீட்டர்; செலவு 470 கோடி ரூபாய்க்கு மேல்; அடிக்கல் நாட்டியது 2018-ல். அந்த வாரம் பெரிதாகப் பேசப்பட்டவை இரண்டு. நாட்டின் மிக நீளமான கம்பிவடப் பாலங்களில் இதுவும் ஒன்று என்ற பெருமிதம் முதலாவது. விழாவுக்கு முறைப்படி அழைக்கவில்லை என்று முதலமைச்சர் சித்தராமையா எழுப்பிய பூசல் இரண்டாவது. பாலத்துக்குக் கீழே கிடக்கும் அவ்வளவு நீர் அங்கே எப்படி வந்தது, யாருக்காக வந்தது என்று பெங்களூரில் யாரும் அதிகம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் நகரத்தின் மின்கம்பத்தில் வந்து முடிந்திருக்கும்.

துமரி, ஷராவதி ஆற்றின் லிங்கனமக்கி நீர்த்தேக்கத்துக்கு அப்பால், கரூர், பாரங்கி ஹோப்ளிகளின் (தாலுகாவின் உட்பிரிவுகள்) சிற்றூர்களுக்கு நடுவே இருக்கும் ஊர். (இந்தக் கரூருக்கும் அமராவதிக் கரையிலுள்ள நம் கரூருக்கும் தொடர்பில்லை.) ஊர்க்காரர்களும் கன்னடச் செய்தித்தாள்களும் அப்பகுதியைத் தீவு என்றே சொல்லிவந்தார்கள். வரைபடத்தை விரித்தால் அது முழுத்தீவு இல்லை என்பது தெரியும். ஒரு பக்கம் நீர். மறுபக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடு. அந்தக் காட்டினூடே கொல்லூர்ப் பக்கம் இறங்கும் சாலை ஒன்று உண்டு. ஆனால் தாலுகா அலுவலகமும் கல்லூரியும் சந்தையும் நீருக்கு அந்தப் பக்கம், சாகரில். தரைவழியாகச் சுற்றினால் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். நீரைக் கடந்தால் அதில் பாதி. இந்தக் கணக்கால்தான் துமரி தீவாயிற்று.

சிறுதீவு ஊர்களைப் பற்றிய எழுத்துகளில் ஒரு வழக்கமான தொடக்கம் உண்டு. இயற்கை அவ்வூரை ஒதுக்கிவைத்தது, நாகரிகம் மெல்ல மெல்ல அதை எட்டுகிறது என்று தொடங்குவார்கள். துமரிக்கு இந்தக் கதை பொருந்தாது. அங்கே ஒதுக்கிவைத்தது அரசு. ஒதுக்கிய ஆண்டு 1964. மின்சாரம் உற்பத்தியான அதே வேளையில், அதே அணையில், தொலைவும் உற்பத்தியானது. அந்தத் தொலைவில் ஒரு பகுதி நீரில் கிடந்தது. மீதி நிலப் பதிவேட்டில் கிடக்கிறது. பாலம் முதற்பகுதியைத் தீர்த்திருக்கிறது. இரண்டாம் பகுதியைத் தீர்க்காமல் இவ்வூர்களின் எதிர்காலத்தைப் பற்றிப் பேசுவது வீண் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

மின்சாரம் கேட்ட நகரம்

மைசூர் சமஸ்தானத்தின் மின்வரலாறு காவிரியில் தொடங்குகிறது. கோலார் தங்கவயல் சுரங்கங்களுக்காக 1902-ல் சிவசமுத்திரத்தில் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து மின்சாரம் போனது. அக்காலத்தில் அது உலகம் வியந்த தூரம். அந்தச் சுரங்கங்களில் இறங்கியவர்களில் பெரும்பகுதியினர் வட ஆற்காட்டுப் பக்கத்துத் தமிழர்கள் என்பது இந்த வரலாற்றில் நமக்கு இருக்கும் பங்கு. 1905-ல் பெங்களூரின் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது. ஆற்றின் ஓட்டத்தைத் தொலைவிலுள்ள ஊரில் பிடித்து நகரத்துக்குக் கொண்டுவரும் ஏற்பாடு அப்போதே நிலைபெற்றுவிட்டது.

பிறகு நகரம் வளர்ந்தது. தொழிற்சாலைகளில் எச்.ஏ.எல். 1940-ல் வந்தது, ஐ.டி.ஐ. 1948-ல், எச்.எம்.டி. 1953-ல், பி.இ.எல். 1954-ல். காவிரி போதவில்லை. பார்வை வடமேற்கே, ஜோக் அருவியை நோக்கித் திரும்பியது. மடெனூரில் ஹிரேபாஸ்கரா அணை கட்டி, அந்நீரைக் கொண்டு ஜோகில் 120 மெகாவாட் நிலையம் 1940-களின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. முதலில் கிருஷ்ணராஜேந்திரர் பெயரிலும் பின்னர் மகாத்மா காந்தி பெயரிலும் அறியப்பட்ட நிலையம் அது. அந்த அணையும் ஒரு பகுதியை மூழ்கடித்தது. ஆனால் அடுத்து வந்தது வேறு அளவு.

1964-ல் முடிந்த லிங்கனமக்கி அணையின் கொள்ளளவு ஏறத்தாழ 151 டிஎம்சி. மேட்டூரின் 93.47 டிஎம்சியோடு ஒப்பிட்டால் ஒன்றரை மடங்குக்கும் மேல். நீர் நிறைந்து கடல்மட்டத்திலிருந்து 1819 அடி உயரத்தைத் தொடும்போது அது பரவும் இடம் 300 சதுர கிலோமீட்டரைத் தாண்டும். பெங்களூரு மாநகராட்சியின் எல்லை 741 சதுர கிலோமீட்டராக இருந்தது. அதில் ஐந்தில் இரண்டு பங்கு நகரம் நீருக்கடியில் போனதாக எண்ணிப் பார்த்தால் அளவு புரியும். இருபது ஆண்டுகூட ஆகாத ஹிரேபாஸ்கரா அணையையே புதிய நீர்த்தேக்கம் விழுங்கியது. கடுங்கோடையில் நீர் வற்றும்போது அந்தப் பழைய அணை வெளியே தெரிகிறது. பார்க்கக் கூட்டம் போகிறது. மேட்டூர் வற்றும்போது பண்ணவாடியில் ஜலகண்டேஸ்வரர் கோயில் நந்தியையும் பழைய தேவாலயக் கோபுரங்களையும் பார்க்க நாம் போவதைப் போலத்தான்.

ஷராவதி மின்நிலையத்தை 1965-ல் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி நாட்டுக்கு அர்ப்பணித்தார். 103.5 மெகாவாட் திறனுள்ள பத்து எந்திரங்கள். எல்லாம் நிறைவேறியபோது 1035 மெகாவாட். அணையடியில் 55 மெகாவாட், கீழே கெருசொப்பாவில் 240 மெகாவாட் என்று அதே நீர் மீண்டும் மீண்டும் உழைக்கிறது. மாநிலத்தின் மிக மலிவான மின்சாரங்களுள் இது ஒன்று. மலிவு என்பதன் பொருளை இங்கே கவனிக்க வேண்டும். எந்திரத்தின் விலை, சிமென்ட்டின் விலை, ஊழியர் சம்பளம் எல்லாம் யூனிட் விலைக்குள் அடங்கியிருக்கின்றன. அறுபது ஆண்டுகள் பட்டாவின்றிக் கழித்த குடும்பங்களின் இழப்பு அதில் எந்த வரியிலும் இல்லை.

குத்தகை நெல்லும் அணையும்

மூழ்கிய நிலத்தில் யார் இருந்தார்கள் என்ற கேள்விக்கு விடை காண அணைக்குப் பதின்மூன்று ஆண்டுகள் பின்னோக்கிப் போக வேண்டும். 1951-ல் சாகருக்கு அருகிலுள்ள காகோடு கிராமத்தில் குத்தகை விவசாயிகள் சத்தியாக்கிரகம் நடத்தினார்கள். தொடக்கம் சின்னதுதான்: குத்தகை நெல்லை அளக்க நிலவுடைமையாளர்கள் பெரிய அளவையைப் பயன்படுத்துகிறார்கள் என்ற தகராறு. அது நிலத்தில் உழுபவனுக்குள்ள உரிமை பற்றிய கேள்வியாக வளர்ந்தது. சாந்தவேரி கோபால கவுடா போன்ற சோஷலிஸ்டுகள் முன்னின்றார்கள்; ராம் மனோகர் லோகியா வந்து கைதானார். போராடியவர்களில் பெரும்பாலோர் தீவரு சமூகத்தைச் சேர்ந்த உழவர்கள்.

ஷராவதிப் பள்ளத்தாக்கின் நில உறவு பரவலாக இப்படித்தான் இருந்தது. உழுதவர் பெயர் ஒன்று, பதிவேட்டில் இருந்த பெயர் இன்னொன்று. கர்நாடகத்தில் தேவராஜ் அர்ஸ் ஆட்சியின் நிலச்சீர்திருத்தம் குத்தகைதாரரை உடைமையாளராக்கியது 1974-ல். அணை அதற்குப் பத்தாண்டு முன்பே வந்துவிட்டது. இந்த ஆண்டு வரிசை தற்செயலானதுதான். அதன் விளைவு அப்படி இல்லை. இழப்பீடு என்பது பதிவேட்டில் பெயருள்ளவருக்குச் செல்வது. தலைமுறைகளாக உழுதும் பெயரில்லாதவர்கள் நீர் ஏறியபோது சட்டப்படி எதையும் இழக்கவில்லை. இழக்க அவர்களிடம் சட்டப்படி எதுவும் இருந்ததில்லை அல்லவா? காகோடு எழுப்பிய கேள்விக்கு மற்ற ஊர்களில் 1974-ல் விடை கிடைத்தது. மூழ்கிய ஊர்களில் அந்த விடை வந்து சேர நிலமே மிஞ்சவில்லை.

குடும்பங்களை லாரிகளில் ஏற்றிச் சிவமொக்கா மாவட்டத்தின் காட்டுப் பகுதிகளில் இறக்கினார்கள். சிலர் போக மறுத்து நீர் ஏற ஏற மேட்டுக்கு மேடு ஏறினார்கள். துமரிப் பகுதியில் இன்று உள்ளவர்களில் கணிசமானோர் மேட்டுநிலத்தில் தங்கிவிட்டவர்கள், அவர்களுடைய வழிவந்தவர்கள். இந்த அனுபவத்தை இலக்கியமாக்கியவர் சாகரைச் சேர்ந்த கன்னட எழுத்தாளர் நா. டிசோசா. பொதுப்பணித் துறை ஊழியராக ஷராவதித் திட்டத்திலேயே வேலை பார்த்தவர் அவர்; மூழ்கடித்த அலுவலகத்துக்குள் உட்கார்ந்து மூழ்கியவர்களைக் கவனித்தார். 2025 ஜனவரியில் காலமானார். பாலத்தை அவர் பார்க்கவில்லை. அவருடைய ‘துவீபா’ நாவலைக் கிரீஷ் காசரவள்ளி படமாக்கினார். தமிழ்ப் பார்வையாளர்கள் ‘படையப்பா’வில் கண்ட சௌந்தர்யா அதில் நடித்ததோடு தயாரிக்கவும் செய்தார். 2001-ம் ஆண்டுக்கான சிறந்த திரைப்படத் தேசிய விருது அதற்குக் கிடைத்தது. பெங்களூரின் படித்த வர்க்கம் மூழ்கடிப்பைப் பற்றி அறிந்ததெல்லாம் பெரும்பாலும் அந்தப் படத்தின் வழியாகத்தான் என்று சொன்னால் மிகையில்லை. மழை பொழியும் அழகிய காட்சிகள் கொண்ட படம். பட்டா விவகாரம் காட்சிக்கு எளிதில் வசப்படாத பொருள்.

லாஞ்சுக் காலம்

பாலம் வருவதற்கு முன் அக்கரைக்கும் இக்கரைக்கும் இடையே லாஞ்சு ஓடியது. அம்பாரகோட்லு – களசவள்ளி முக்கியமான துறை. ஹசிருமக்கி, முப்பானே என்று வேறு துறைகளும் உண்டு. அகலமான தட்டையான மிதவை. அதன்மேல் மனிதரோடு பேருந்து, ஜீப், பாக்கு மூட்டை ஏற்றிய வண்டி எல்லாம் ஏறும். பொழுது சாய்ந்த பிறகு சேவை இல்லை. மழை பொய்த்த ஆண்டின் கோடையில் நீர்மட்டம் இறங்கினால் வாகனங்களை ஏற்ற மாட்டார்கள். இரண்டு தடைகளின் காரணங்களும் வெவ்வேறு. முதலாவது ஊழியர், பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இரண்டாவது மின்சாரம் சம்பந்தப்பட்டது: நீர்த்தேக்கத்தின் மட்டம் துமரியின் பயணத் தேவையைப் பார்த்து ஏறி இறங்குவதில்லை. வெயில்காலத்தில் நகரத்தின் மின்தேவை கூடும்போது எந்திரங்கள் நீரைக் குடிக்கின்றன, லாஞ்சுத்துறை சேறாகிறது. பெங்களூரில் ஒரு வீட்டுக் குளிர்சாதனம் ஓடுவதற்கும் களசவள்ளியில் ஒரு ஜீப் கரையில் நிற்பதற்கும் இடையே நேரடியான கம்பித் தொடர்பு இருந்தது என்பதை உவமையாகச் சொல்லவில்லை.

டோங்கா நாட்டு மானுடவியலாளர் எபெலி ஹவுஓஃபா 1990-களில் பசிபிக் தீவுகளைப் பற்றி ஒரு புகழ்பெற்ற வாதத்தை முன்வைத்தார். கண்டத்து மனிதர்கள் தீவுகளை நிலத்தின் அளவால் அளந்து சிறியவை, தனித்தவை என்கிறார்கள். தீவினருக்கோ கடல்தான் ஊர்களைச் சேர்க்கும் பாதை என்றார். நம் பக்கத்து அனுபவம் இதை ஓரளவு ஆதரிக்கும். யாழ்ப்பாணத்து நெடுந்தீவை எடுத்துக்கொள்வோம். குறிகட்டுவான் இறங்குதுறையிலிருந்து ஏறத்தாழ ஒரு மணி நேரக் கடற்பயணம். குமுதினிப் படகின் பெயர் தெரியாத ஈழத் தமிழர் குறைவு. 1985 மே 15 அன்று அந்தப் படகில் நடந்த படுகொலை அதன் பெயரோடு ஒட்டிக்கொண்டது. போர் பலரை ஊரைவிட்டு விரட்டியது. ஆனாலும் நெடுந்தீவாருக்குக் கடல் பரம்பரையாகத் தெரிந்த பொருள்: மீன் அதில் கிடைக்கிறது, படகோட்டும் திறன் பிள்ளைக்கு வருகிறது, காற்றின் பருவம் நாட்காட்டியாகிறது.

துமரிக்கு இந்த வாதம் பொருந்தவில்லை. அவர்கள் நெல்லும் பாக்கும் விளைவித்த பள்ளத்தாக்கு மக்கள். நீர் அவர்களுக்குப் பாதையாக வரவில்லை, வயலின்மேல் வந்தது. அடியில் கிடப்பது பாட்டனின் வீடு. அந்த நீரில் ஓடிய பெரிய கலமும் அரசுத் துறைக்குச் சொந்தம், நேரமும் துறை வகுத்தது. ஆக்கப்பட்ட தீவுக்கும் பிறவித் தீவுக்கும் உள்ள வேறுபாட்டை ஆய்வாளர்கள் போதிய அளவு பிரித்துப் பார்க்கவில்லை என்பது என் கருத்து. பிறவித் தீவின் மக்களிடம் தனிமையைக் கையாளும் அறிவு சேர்ந்திருக்கும். ஆக்கப்பட்ட தீவின் மக்கள் ஒரே தலைமுறையில், எந்தப் பயிற்சியும் இன்றி, தீவுக்காரர் ஆகிறார்கள்.

கர்நாடகத்திலேயே இன்னொரு வகையும் இருக்கிறது. கிருஷ்ணா நதியில் ராய்ச்சூர், யாத்கிர் மாவட்டங்களில் ‘கட்டி’ எனப்படும் ஆற்றுத்திட்டு ஊர்கள் பழங்காலத்திலிருந்து உள்ளவை. ஆனால் 1980-களில் நாராயணபுர அணை வந்தபின் அவை துண்டிக்கப்படும் நாளை வெள்ளம் தனியாக முடிவு செய்வதில்லை. மதகும் சேர்ந்து முடிவு செய்கிறது. 2013-ல் நீலகண்டராயனகட்டியைச் சேர்ந்த ஒன்பது மாதக் கர்ப்பிணி ஒருவர், காய்ந்த சுரைக்குடுக்கைகளின் துணையோடு பெருக்கெடுத்த கிருஷ்ணாவை நீந்திக் கடந்தார். பிள்ளைப்பேற்றுக்கு மருத்துவமனை அருகில் இருக்கும் கரையில் இருக்க வேண்டும் என்பதற்காக. நாடெங்கும் அது வீரச்செயலாகச் செய்தியானது. நிர்வாகத் தோல்வி ஒன்றை வீரமாக வாசிக்கும் இந்தப் பழக்கம் தீவு ஊர்களுக்குப் பெருங்கேடு செய்கிறது. பாராட்டு கிடைத்த இடத்தில் படகு கேட்பது நன்றாக இருக்காது பாருங்கள்.

நீர் ஒரு பக்கம், காடு மறுபக்கம்

அணை வந்த எட்டாம் ஆண்டில், 1972-ல், நீர்த்தேக்கத்தைச் சூழ்ந்த காடு ஷராவதிப் பள்ளத்தாக்கு வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2019-ல் அது பக்கத்துக் காடுகளோடு சேர்த்து விரிவாக்கப்பட்டு, சோலைமந்தியின் பெயரால் 930 சதுர கிலோமீட்டர் சரணாலயமாயிற்று. சோலைமந்தி மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய, அழிவின் விளிம்பிலுள்ள குரங்கினம். அதைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு ஐயம் இல்லை. நான் சுட்டுவது விளைவின் வடிவத்தை. நீர் ஒரு பக்கம் வழியை அடைத்தது. மறுபக்கம் சாலை அகலப்படுத்துவது, மின்கம்பி இழுப்பது, கைப்பேசிக் கோபுரம் நிறுத்துவது என எல்லாவற்றுக்கும் வனத்துறை அனுமதி தேவைப்பட்டது. மாநிலத்துக்கே மின்சாரம் தந்த பள்ளத்தாக்கின் உள்ளூர்க் குடியிருப்புகள் சில தங்கள் வீட்டு விளக்குக்காகப் பல பத்தாண்டுகள் மனுக் கொடுத்தன.

கைப்பேசி விஷயம் இதில் புதிய அத்தியாயம். 2020-ல் கொரோனா முடக்கத்தில் பெங்களூரில் வேலை பார்த்த மலைநாட்டு இளைஞர்கள் மடிக்கணினியோடு ஊர் திரும்பினார்கள். பிள்ளைகளின் வகுப்பும் திரைக்கு மாறியது. சமிக்ஞை தேடிக் குன்றேறுவது தினப்படி வேலையானது. 2021-ல் கரூர்–பாரங்கிப் பகுதியில் ‘நெட்வொர்க் இல்லையேல் ஓட்டு இல்லை’ என்ற இயக்கம் தொடங்கியது. சாலை கேட்டும் பாலம் கேட்டும் நடந்த முந்தைய இயக்கங்களிலிருந்து இது ஒரு வகையில் வேறுபட்டது. ஊரை விட்டுப் போகும் வழியை இவர்கள் கேட்கவில்லை. ஊரிலேயே இருந்து பெங்களூர் வேலையைச் செய்ய வழி கேட்டார்கள். அறுபது ஆண்டுகளில் அவ்வூர்களின் எதிர்காலம் பற்றி எழுந்த மிக நம்பிக்கையான கோரிக்கை அது என்பேன்.

மருத்துவம் பற்றிக் கொஞ்சம். குரங்குக் காய்ச்சல் எனப்படும் கியாசனூர் காட்டு நோய் 1957-ல் இதே சிவமொக்கா மாவட்டத்தின் சொரபா தாலுகாவில்தான் கண்டறியப்பட்டது. காட்டு உண்ணி கடித்துப் பரவுவது. 2018 இறுதியிலும் 2019-லும் சாகர் தாலுகாவின் அரளகோடு பகுதியில் அது பரவி உயிர்களைக் கொண்டுபோனது. நோயாளிகளை மணிப்பாலுக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருந்தது. காட்டையும் தோப்பையும் ஒட்டி வாழும் எல்லாருக்கும் உரிய ஆபத்து அது. பாலம் வருவதற்கு முன், மாலையில் லாஞ்சு நின்ற பிறகு காய்ச்சல் ஏறினால் ஆபத்து இரட்டிப்பானது.

இனி நிலப் பதிவேடு. இடம்பெயர்ந்தோருக்கு மறுகுடியமர்வுக்கென ஒதுக்கிய நிலம் பெரும்பாலும் காட்டு நிலம். வருவாய்த் துறை அதை உழுநிலமாகக் கருதியது. வனத்துறைப் பதிவில் அது காடாகவே நீடித்தது. 1960-களில் ஓர் அரசாணை போதும், வகை மாற்றியிருக்கலாம். யாரும் முறைப்படி செய்து முடிக்கவில்லை. 1980-ல் வனப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன்பின் காட்டு நிலத்தை வேறு வகைக்கு மாற்ற ஒன்றிய அரசின் ஒப்புதல் கட்டாயமாயிற்று. மாநில அரசு பின்னாளில் அந்த ஒப்புதல் இல்லாமலேயே ஒதுக்கீட்டு நிலங்களைக் காட்டுப் பட்டியலிலிருந்து நீக்க ஆணைகள் பிறப்பித்தது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. சட்டப்படி தீர்ப்பைக் குறை சொல்ல இடமில்லை. ஆனால் குற்றம் செய்தவர் யார், தண்டனை பெற்றவர் யார் என்று பாருங்கள். விண்ணப்பம் அனுப்பத் தவறியது பெங்களூரில் உள்ள செயலகம். கையில் இருந்த உரிமைச் சீட்டு செல்லாத காகிதமானது சிவமொக்கா மாவட்டத்து உழவருக்கு. அறுபது ஆண்டு உழுத நிலத்தில் இன்றும் அவர் ஆக்கிரமிப்பாளர்.

ஒரு மறுப்பை இங்கே எதிர்கொள்ள வேண்டும். இடம்பெயர்ந்தோர் பெயரைச் சொல்லி, பின்னால் வந்து காட்டை வெட்டியவர்களும் பட்டா கேட்கிறார்கள், வகை மாற்றம் செய்தால் அவர்களும் உள்ளே நுழைவார்கள் என்று சுற்றுச்சூழல் ஆர்வலர்கள் சொல்வதுண்டு. அப்படி நடக்கவே நடக்காது என்று நான் வாதிட மாட்டேன். ஆனால் மறுகுடியமர்வு என்பது அரசே நடத்திய காரியம்; ஒதுக்கீடு செய்தது யாருக்கு என்பதைச் சரிபார்க்க வேண்டிய பொறுப்பும் அரசுடையதே. கடினமான சரிபார்ப்பைத் தவிர்க்க எல்லாரையும் சந்தேகப் பட்டியலில் வைத்திருப்பது காட்டுக்கும் நன்மை செய்யவில்லை. உழுத நிலம் காடாகத் திரும்பவும் இல்லை. உழுபவருக்கு வங்கிக் கடன் கிடைக்கவும் இல்லை.

பாலத்துக்குப் பின்

பாலத்தால் முதலில் பயன்பெறுவது துமரிப் பக்கத்திலுள்ள சிகந்தூர் சௌடேஸ்வரி கோயில் யாத்திரை. பாலத்துக்கே அம்மன் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். திருட்டுக்குத் தண்டனை தரும் தெய்வமாக நம்பப்படுபவள் அவள். பெங்களூரிலும் மலைநாட்டிலும் உள்ள தோப்புகளிலும் கடைகளிலும் ‘இந்தச் சொத்துக்குச் சிகந்தூர் சௌடேஸ்வரியின் காவல் உண்டு’ என்ற பொருளில் பலகை தொங்குவதைப் பார்க்கலாம். மாநிலமெங்கும் பிறர் சொத்தைக் காக்கும் தெய்வத்தின் சொந்தத் தாலுகாவில், சொத்தின் பத்திரமே இல்லாத பக்தர்கள் ஏராளம். அம்மனின் பழைய இருப்பிடமும் அணைநீரில் மூழ்கியது என்பது கோயில் மரபு. ஆக அவளும் இடம்பெயர்ந்தவர்தான். ஒரு வேறுபாடு, அவளுக்கு மறுகுடியமர்வு சிறப்பாக நடந்தது.

யாத்திரையும் சுற்றுலாவும் பணம் கொண்டுவரும். யாருக்கு என்பதே கேள்வி. தங்குமிடம் நடத்தவும் உணவகம் கட்டவும் கடன் வேண்டும். கடனுக்குப் பிணையாக நிலப் பத்திரம் வேண்டும். பத்திரம் இல்லாதவரின் பக்கத்து நிலத்தைப் பத்திரம் உள்ளவரிடமிருந்து பெங்களூர்க்காரர் வாங்குவார். இவர் அங்கே சமையலுக்கும் காவலுக்கும் போவார். மலைநாட்டின் வேறு பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் ஓய்வில்லங்களாக மாறிய வேகத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிய கற்பனை இல்லை. தொலைவு ஒரு காலம் வரை துமரியின் நிலத்தை வெளியார் கையிலிருந்து காத்துவந்தது என்பது கசப்பான உண்மை. அந்தக் காவலைப் பாலம் எடுத்துவிட்டது. உரிமைச் சீட்டு என்னும் மறு காவல் இன்னும் வரவில்லை.

பெங்களூரின் பசியும் தீரவில்லை. 2019-ல் அன்றைய துணை முதல்வர் ஜி. பரமேஸ்வரா, லிங்கனமக்கி நீரைப் பெங்களூரின் குடிநீருக்குக் கொண்டுவரும் யோசனையைச் சொன்னார். 300 கிலோமீட்டருக்கு மேல் குழாய் வழியே, மலைநாட்டிலிருந்து பீடபூமியின் மேட்டுக்கு ஏற்றிக் கொண்டுவர வேண்டும். அந்த ஜூலையில் சிவமொக்கா மாவட்டம் முழு அடைப்பு நடத்தியது. யோசனை கிடப்பில் போடப்பட்டது. மின்சாரம் எடுத்தவர்கள் அடுத்து நீரையே கேட்டபோது எழுந்த கோபம் அது. எதிர்த்தவர்கள் நீரியல் காரணங்களைச் சொன்னார்கள். அதற்கடியில் 1964 இருந்தது.

இப்போது மேசையில் இருப்பது ஷராவதி நீரேற்று மின்திட்டம். மேலே தலகளலெ, கீழே கெருசொப்பா என்னும் இரு நீர்த்தேக்கங்களுக்கு இடையே மலைக்குள் சுரங்கம் குடைந்து, மின்சாரம் மிஞ்சும் வேளையில் நீரை மேலேற்றி, தேவைப்படும் வேளையில் இறக்கி 2000 மெகாவாட் எடுக்கும் ஏற்பாடு. சூரிய மின்சாரம் பெருகும் காலத்தில் இத்தகைய சேமிப்பு தேவை என்ற தொழில்நுட்ப வாதம் வலுவானதே. ஆனால் இடம் சோலைமந்திச் சரணாலயத்துக்குள் வருகிறது. 2025-ல் நடந்த மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டங்களில் எதிர்ப்பு கடுமையாக இருந்தது. எனக்கு இதில் தெரியும் முரண் இதுதான். 1960-களில் குடியமர்த்திய உழவரின் நிலத்தைக் காட்டுப் பட்டியலிலிருந்து நீக்க மட்டும் ஆண்டுக்கணக்கில் டெல்லிக்கு வழி தெரியவில்லை. மின்திட்டத்துக்குக் காட்டு நிலம் வேண்டும் என்றதும் கோப்புக்குக் கால் முளைத்துவிடுகிறது.

அணை கட்டியதே தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அந்த மின்சாரத்தில்தான் இந்த நகரத்தின் தொழிற்சாலைகள் எழுந்தன. தமிழகத்திலிருந்து வந்து இங்கே வேலை பெற்றுக் குடும்பம் வளர்த்த பல்லாயிரம் பேர் அதன் பயனாளிகள். இந்தக் கட்டுரையை எழுதும் விளக்கு வெளிச்சத்திலும் ஷராவதி கொஞ்சம் இருக்கலாம். கடன் பட்டவர்கள் என்பதால்தான் கணக்குப் பார்க்க வேண்டியவர்களும் நாமே.

அந்தக் கணக்கில் செய்ய வேண்டியது புரியாத புதிர் இல்லை. மாநில வருவாய்த் துறையும் வனத்துறையும் கூட்டாக ஒதுக்கீட்டு ஆவணங்களைச் சரிபார்க்க வேண்டும்; ஷராவதித் திட்டத்தால் இடம்பெயர்ந்த குடும்பங்களின் நிலங்களுக்கு 1980 சட்டப்படி ஒன்றிய ஒப்புதலை ஒரே கோப்பாகக் கேட்டுப் பெற வேண்டும்; பெண்களின் பெயரையும் சேர்த்துப் பட்டா வழங்க வேண்டும். பேருந்து, ஆம்புலன்ஸ், கைப்பேசிக் கோபுரம் ஆகியவை அதற்குப் பிறகு பேசினாலும் விரைவில் நடக்கக்கூடியவை. அந்தப் பட்டா கைக்கு வரும்வரை ஷராவதிப் பள்ளத்தாக்கில் பெங்களூருக்காக இன்னொரு திட்டத்துக்கு ஒரு ஏக்கரும் எடுக்கக் கூடாது.